முதலையார் முன்னிலையில் கருத்துக்கேட்புக் கூட்டம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த அன்று சிங்கம் வரவில்லை. வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டது. கல்வி சம்பந்தப்பட்ட கூட்டம் என்றால் சிங்கங்கள் வாழ்த்துச் செய்திதான் அனுப்பும். ஆகவே சிங்கம் இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் ஒரு நாவல்மரம், அதன் அடியில் ஒரு பள்ளிக்கூடம். பிரமாதமான பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். ஒரே வாத்தியார், அவரும் கொக்கு. பாதி நேரம் ஒற்றைக்காலில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். அதற்குள் பிள்ளைகள் நாவற்பழம் பொறுக்கித் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொள்வார்கள். இருந்தாலும் கூட்டல் கழித்தல் வந்துவிட்டது, போன பிள்ளைகள் சாயங்காலம் வீடு திரும்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்திடம் அதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது?

அப்போதுதான் கல்விச் சீர்திருத்தம் வந்தது. நாவல்மரத்துப் பள்ளியை மூடிவிட்டு அக்கரையில் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவது என்று திட்டம். அக்கரைப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, கை கழுவும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட உண்டு. இரண்டு கரைக்கும் நடுவில் ஆறு உண்டு, ஆற்றில் முதலை உண்டு. திட்டம் போட்டவர்கள் கண்ணாடிவரைக்கும் எழுதிவிட்டுக் கை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

"திங்கட்கிழமை முதல் திட்டம் அமலுக்கு வருகிறது. அதற்கு முன்பாக, சனிக்கிழமை, இதை அமல்படுத்தலாமா என்று பொதுவிலங்குகளிடம் கருத்துக் கேட்கப்படும்" என்று நாவல்மரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கும் கோளாறை அந்தக் காட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த கொக்கு வாத்தியாரும் அரசு ஊழியர் என்பதால் இன்னொரு காலையும் மடக்கப் பார்த்துக் கீழே விழுந்தார்.

பூங்காவனம் என்று ஒரு முள்ளம்பன்றி. அவளுக்கு ஒரே பிள்ளை, பெயர் ஊசி, மூன்றாம் வகுப்பு. நோட்டீசைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துப் புதரில் இருந்த சருகுமான் சம்பூரணத்திடம் போய்க் கேட்டாள்.

"ஏன்க்கா, பிள்ளைங்க ஆத்தை எப்படித் தாண்டுவாங்க?"

"தண்ணி முட்டியளவுதானே. நடந்துடலாம்."

"அந்த ஆளு?"

சம்பூரணம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரும் தண்ணி முட்டியளவுதானேன்னுதான் போனாரு. என் ரெண்டு பொண்ணுங்களும் அதே வழியாத்தானே போகணும். நீ கூட்டத்துல கேளு பூங்காவனம். உனக்குத்தான் வாய் இருக்கு."

வாய் இருக்கிறவர்களை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பது எல்லாக் காட்டிலும் வழக்கம். பூங்காவனம் சரி என்றாள். அவளுக்குக் கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி: 'ஆற்றில் முதலை இருக்கும்போது பிள்ளைகள் எப்படிப் போவார்கள்?' ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பயப்படாமல் சொல்ல வந்தது, அழாமல் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை ஆற்றங்கரையில் ஷாமியானா போட்டார்கள். மேடை ஆற்றைப் பார்த்தபடி, கூட்டம் ஆற்றுக்கு முதுகு காட்டியபடி. வாசலில் ஓர் ஆமை உட்கார்ந்து, கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசை நகரவில்லை. ஏன் ஆமையை உட்கார வைத்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, அதைக் கேட்கவும் டோக்கன் வேண்டும் என்றார்கள். பூங்காவனம் வரிசையில் நின்றதால் முன்னால் நின்றவர்கள் எல்லாம் தாமாகவே கொஞ்சம் தள்ளி நின்றார்கள். முள் இருப்பதில் இப்படிச் சில வசதிகள் உண்டு. டோக்கன் கிடைத்துவிட்டது.

கூட்டத்தை நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் கீரி குணசீலன். ஒல்லியாக, பளபளவென்று, சட்டைப்பையில் நாலு பேனாவோடு இருப்பார். எந்தக் கூட்டத்தையும் சத்தமில்லாமல் முடித்துக்கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். தலைமை வகித்தவர் யானை அம்பாரியப்பன். அவர் தலைமை ஏற்ற கையோடு தூங்கிவிட்டார். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்த பூங்காவனத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

மேடையின் நடு நாற்காலியில் முதலை மடுவரசனார் உட்கார்ந்திருந்தார்.

"நம் காட்டின் நீர்வழி மாணவர் போக்குவரத்துக் குழுவின் தலைவர்!" என்று குணசீலன் மைக்கில் அறிமுகப்படுத்தினார். "அக்கரைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைச் செல்வங்களை நேரில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை, ஒரு பைசா சம்பளம் வாங்காமல், தானே முன்வந்து ஏற்றுக்கொண்ட தியாகச் செம்மல்!"

கைத்தட்டல். மடுவரசனார் அடக்கமாகச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த முயல்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்றாம் வரிசைக்கு மாறின.

அந்தக் காட்டில் கூட்டங்களுக்கு இரண்டு மரபுகள் உண்டு. பேச எழுந்தவர் மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, பட்டம் சொல்லி, 'அவர்களே' போட்டு அழைத்த பிறகுதான் விஷயத்துக்கு வரவேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவரைச் சமாதானப்படுத்தத் தனியாக ஒரு கூட்டம் போடவேண்டியிருக்கும். இரண்டாவது மரபு, ஒருவரைப் புகழ்ந்து பேசும்போது அவர் எழுந்து போகக்கூடாது. 'எனக்கெதற்கய்யா இதெல்லாம்' என்ற முகத்தோடு கடைசிவரை இருந்து கேட்கவேண்டும். எழுதி வைத்த சட்டங்களை எல்லாம் அந்தக் காட்டில் கறையான் தின்றுவிட்டது. எழுதாத இவை இரண்டும் மட்டும் கல்லாக நின்றன.

வரவேற்புரை முடிந்தது. முன்னிலையுரை முடிந்தது. சிங்கத்தின் வாழ்த்துச் செய்தியை ஒரு கிளி இரண்டு தடவை வாசித்தது. வந்தவர்கள் எல்லாம் மடுவரசனாருக்கு மாலை போட்டார்கள். நம்மூரில் மாலை விழுந்த நிமிஷமே கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்கள். முதலைக்குக் கை எட்டவில்லை. ஆகவே மாலைமேல் மாலையாக ஏறி, சாமந்தி அவர் கண்ணை மூடி மூக்குத்துளைவரை வந்து நின்றது. யார் பேசுகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிந்ததால் நிம்மதியாக இருந்தார்.

இஞ்சி டீயும் மிக்சரும் வந்துபோன பிறகு குணசீலன், "இனி பொதுவிலங்குகள் கருத்துச் சொல்லலாம். நேரமின்மை காரணமாக ஒருவர் மட்டும்" என்றார்.

பூங்காவனம் டோக்கனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு எழுந்தாள். "ஐயா, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ஆத்துல..."

அனுபவசாலிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கேள்வி கேட்கிறவர்களை உட்காரச் சொல்லி அதட்டுவது அரைகுறைகள் செய்கிற வேலை. அதட்டினால் நாலு பேர் சேர்ந்து எழுந்திருப்பார்கள். குணசீலன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா! நீங்க கீழ நிக்கலாமா? பெற்றோர் பிரதிநிதி நீங்க. மேல வாங்கம்மா. ஏ, யாருப்பா அங்க, அம்மாவுக்கு ஒரு சேர் போடு! பொன்னாடை கொண்டா!"

"ஐயா, எனக்குப் பொன்னாடை வேணாம், கேள்வி..."

"அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் பொன்னாடை போடணும்!"

கூட்டம் கைதட்டியது. சம்பூரணம்கூடத் தட்டினாள், அவளுக்கு விஷயம் புரியவில்லை. பூங்காவனத்தை ஏற்றி, மடுவரசனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, பச்சைக்கரை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார்கள். முதுகில் இருந்த முள் அத்தனையும் அதில் ஏறிக்கொண்டது. இனி அதைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

"இப்ப கேக்கலாமாங்க?" என்றாள் பூங்காவனம்.

குணசீலன் காதருகே குனிந்தார். "மேடையில இருக்கிறவங்க கேள்வி கேக்கிறது மரபு இல்லம்மா. வாழ்த்துரை மட்டும்தான்."

"அப்ப இறங்கிக் கேக்கறேன்."

"பொன்னாடை போட்டவங்க இறங்கக்கூடாதும்மா. நன்றியுரை முடியட்டும்."

இப்படியாக அவள் கேள்வி மேடையேறிச் செத்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சாமந்திக்குள்ளிருந்து ஒரு குரல், கனமாக, மரியாதையாகக் கேட்டது.

"வாங்கம்மா. பையன் எந்த கிளாஸு?"

"மூணாவதுங்க."

"நல்லாச் சாப்பிடுவானா?"

"நோஞ்சாங்க. முள்ளுதான் அதிகம்."

"பரவாயில்ல. புது ஸ்கூல்ல மதியச் சாப்பாடு போடறாங்க. உடம்பு தேறிடும். நான் பாத்துக்கறேன்."

பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் ஆறு. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக ஆறு முழுதும் தெரிந்தது, மேடையில் இருப்பதில் அது ஒன்றுதான் லாபம். ஆற்றின் நடுவில், மடுவை ஒட்டிய மணல்திட்டில், ஐந்தாறு குட்டிகள் குதித்துக்கொண்டிருந்தன. அக்கரைப் பள்ளியில் கண்ணாடி இருக்கிறதாமே, அதில் நம் ஊதா நாக்கைப் பார்க்கலாமே என்று கூட்டத்திலிருந்து நழுவியவர்கள், போகிற வழியில் தண்ணீரைக் கண்டதும் கண்ணாடியை மறந்துவிட்டார்கள். சம்பூரணத்தின் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நடுவில், எல்லாரையும் விட அதிகமாகத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, அவள் பெற்ற செல்வம் ஊசி.

கத்த வாயெடுத்தாள். உடனே மூடிக்கொண்டாள். "பிள்ளைங்க ஆத்துல!" என்று கத்தினால் முதலில் கேட்கப்போவது பக்கத்து நாற்காலி. அவருக்கு மேடையிலிருந்து தண்ணீர் ஒரு சறுக்கல் தூரம். மாலைகளோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலைகளோடு திரும்பி வந்துவிடுவார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரமாகப் பிள்ளைகள் ஆற்றில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் ஆற்றில் இருக்கவேண்டியவர் இங்கே இருக்கிறார்.

குணசீலன் மைக்கைத் தட்டினார். "நிறைவாக, நன்றியுரை..."

மடுவரசனார் வாலை நாற்காலியிலிருந்து எடுத்து இறங்கத் தயாரானார். அவர் வயிறு ஒரு சத்தம் போட்டது, அது மைக்கில் கேட்டது.

பூங்காவனம் எப்படி எழுந்தாள், எப்படி அந்த மைக்கைப் பிடுங்கினாள் என்று அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. "நான் வாழ்த்துரை சொல்லணும்!" என்றாள்.

குணசீலனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கேள்வி கேட்க வந்தவள் வாழ்த்த எழுந்தால் ஒருங்கிணைப்பாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "தாராளமா, தாராளமா!" என்று ஒதுங்கினார்.

"தூங்கிக்கொண்டே தலைமை தாங்கும் யானையார் அவர்களே," என்று பூங்காவனம் தொடங்கினாள். "ஒருங்கிணைப்பாளர் அவர்களே. வாழ்த்துச் செய்தியை இரண்டு தடவை வாசித்த கிளியார் அவர்களே. இன்னும் வாசலிலே டோக்கன் எழுதிக்கொண்டிருக்கும் ஆமையார் அவர்களே. மைக்செட் கட்டிய மரங்கொத்தியார் அவர்களே. டீயிலே இஞ்சி போட்ட கரடியார் அவர்களே. போடாமல் விட்ட சர்க்கரைக்குக் காரணமான எறும்பார்கள் அவர்களே!"

எறும்புகளை இதுவரை யாரும் மேடையில் அழைத்ததில்லை. கூட்டம் நெகிழ்ந்துபோனது. மடுவரசனார் மெல்ல ஒரு காலைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் மேலாக, நம் மடுவரசனார் அவர்களே!" என்றாள் பூங்காவனம் அவசரமாக.

கால் மேலே போய்விட்டது. மரபு மரபுதானே.

அவள் அவர் பல்லைப் புகழ்ந்தாள். வரிசை தவறாமல் நிற்கும் அந்தப் பற்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் ஒழுக்கம் கற்கவேண்டும் என்றாள். அவர் பாட்டனைப் புகழ்ந்தாள், பாட்டன் பிடித்த யானையின் காலைப் புகழ்ந்தாள். அம்பாரியப்பன் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொண்டார். மடுவரசனாரின் கண்ணீரைப் பற்றிச் சிலர் தப்பாகப் பேசுகிறார்கள், அது எவ்வளவு தூய கண்ணீர் என்று அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் அவர்கள் வந்து சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்றாள். சாமந்திக்குள் மடுவரசனார் நிஜமாகவே விசும்பினார்.

கீழே சம்பூரணத்துக்கு ரத்தம் கொதித்தது. "அடிப்பாவி! இதுக்காடி உன்னை மேல ஏத்துனாங்க?" என்று எழுந்தாள்.

பூங்காவனம் பேச்சை நிறுத்தாமல் கண்ணை ஆற்றுப்பக்கம் உருட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை சம்பூரணம் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்து, பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு வாத்தியாரின் விலாவில் ஒரு குத்து விட்டாள். வாத்தியாரும் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக யோசிக்காமல் பறந்தார்.

மேடையில் பூங்காவனத்துக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. பல் இரண்டாம் முறை வந்தது, பாட்டன் மூன்றாம் முறை வந்தார். மடுவரசனாருக்கும் சந்தேகம் தட்டி, "அதான் சொல்லிட்டீங்களேம்மா" என்றார். ஆற்றில் கொக்கு வாத்தியார் ஊசியின் காதைப் பிடிக்கப் போய், முள் குத்தி, மறுபடி பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"இவரைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க சம்பூரணம் அக்கா!" என்று பூங்காவனம் மைக்கை நீட்டினாள்.

சம்பூரணம் மேடையேறினாள். அவள் இதுவரை கூட்டத்தில் பேசியதே இல்லை.

"எங்க வீட்டுக்காரர் கடைசியாப் பாத்த முகம் இவரோடதுதான்," என்றாள். "எங்க வீட்டுக்காரரை எங்க சொந்தக்காரங்ககூட இவ்வளவு முழு மனசா ஏத்துக்கிட்டதில்ல. ஒரு குறை சொல்லல. ஒண்ணையும் மிச்சம் வைக்கல. அவரு இன்னைக்கு எங்க இருக்காருன்னு என்னைக் கேட்டா, இந்தப் பெரியவரோட நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ இருக்காருன்னு சொல்லுவேன்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்ததால் அவள் பேச்சு பிரமாதமாக அமைந்தது. அவள் பேசப் பேச, கரையில் குட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியாக ஊசி ஏறினான், அவனுக்குப் பின்னால் இறக்கையெல்லாம் ரத்தமாகக் கொக்கு வாத்தியார். பூங்காவனம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். குணசீலன் நன்றியுரை சொன்னார். மடுவரசனார் ஓடினார், பாவம், மாலை கண்ணை மறைத்ததால் முதலில் ஷாமியானாக் கம்பத்தில் மோதிக்கொண்டார்.

கூட்டத்தில் எந்தக் கேள்வியும் எழவில்லை, இரண்டு வாழ்த்துரைகள் எழுந்தன. ஆகவே திட்டத்தைப் பொதுவிலங்குகள் ஏகமனதாக வரவேற்றதாக மேலே தகவல் போனது. நாவல்மரத்துப் பள்ளியின் மணியைக் கழற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை வரத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் பொன்னாடையோடு குணசீலன் வளைக்குப் போனாள். குணசீலன் அவளைக் கண்டதும் கேள்விதான் வருகிறது என்று பின்வாசல் வழியாகப் பாதி போய்விட்டார்.

"கேள்வி இல்லீங்க. ஒரு யோசனை," என்றாள். "இவ்வளவு பெரிய சீர்திருத்தம். ஒரு கூட்டத்தோட விட்டா எப்படி? தினமும் ஒரு கண்காணிப்புக் கூட்டம் போடுவோம். காலையில பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு ஒண்ணு, சாயங்காலம் விடற நேரத்துக்கு ஒண்ணு. நிரந்தரச் சிறப்பு விருந்தினர் மடுவரசனார். பெற்றோர்கள் நாங்க வரிசையா வாழ்த்துரை சொல்றோம்."

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சேவையில் பெற்றோர்கள் கூட்டம் கேட்டு வந்தது இதுதான் முதல்முறை.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. காலையில் மடுவரசனாருக்கு மாலை விழுந்து கண் மறைந்ததும் குட்டிகள் சத்தமில்லாமல் ஆற்றைக் கடப்பார்கள். சாயங்காலம் மாலை விழுந்ததும் திரும்பி வருவார்கள். கடைசிக் குட்டி கரையேறும்வரை யாராவது ஒரு தாய் மைக்கில் அவர் பல்லைப் புகழ்ந்துகொண்டிருப்பாள். மடுவரசனார் டீயும் மிக்சருமாகத் துரும்பாய் இளைத்துவிட்டார். நடுப்பகலிலோ ராத்திரியோ வேட்டைக்குப் போகலாம்தான். ஆனால் காலையும் சாயங்காலமும் மேடையில் அடக்கமாக இருப்பது எவ்வளவு அசதி என்று இருந்தவர்களுக்குத்தான் தெரியும்; தண்ணீரில் விழுந்ததும் தூங்கிவிடுவார். வராமல் இருக்கவும் முடியவில்லை. ஒரே ஒரு நாள் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அன்று பெற்றோர்கள் மடுக்கரையிலேயே ஷாமியானா போட்டு, நலம்பெற வாழ்த்துக் கூட்டம் நடத்திவிட்டார்கள்.

திட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. பாலம் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆனால் காட்டிலேயே மிகச் சிறப்பாகக் கூட்டம் நடத்துகிறவர்கள் என்று அந்த வருஷத்துக் கேடயம் அவர்களுக்குத்தான். சிங்கம் வாழ்த்துச் செய்தி அனுப்பியது.

ஒரு சாயங்காலம், வாழ்த்துரைகளுக்கு நடுவில், மடுவரசனார் சாமந்திக்குள்ளிருந்து ஈனமான குரலில் பூங்காவனத்திடம் கேட்டார்.

"ஏம்மா, தினமும் கூடறோம், பேசறோம். இதுல எப்பதான் முடிவெடுப்போம்?"

பூங்காவனம் ஆற்றைப் பார்த்தாள். ஊசி பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு பாதித் தண்ணீரில் வந்துகொண்டிருந்தான். அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"சீர்திருத்தம்னா அவசரப்படக் கூடாதுங்கய்யா. பையன் பத்தாவது முடிக்கட்டும்."

நீதி: மேடையில் முதலை இருக்கும்வரை நன்றியுரை சொல்ல எழுந்திருக்காதே.